தூரத்தில் இருக்கிற கண்களுக்காக





இந்த மாதம் ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன். நம்முடைய சபையில் பிள்ளையையோ புருஷனையோ தம்பியையோ வெளிநாட்டுக்கு அனுப்பாத வீடு குறைவு. துபாய், மஸ்கட், குவைத், சிங்கப்பூர். அது இல்லாவிட்டால் பெங்களூர், சென்னை. அப்படித் தூரத்தில் இருக்கிற ஒருவருக்குத் திடீரென்று கண்ணில் ஆபத்து என்று செய்தி வருகிறது. நாம் ஓடிப்போய்க் கையைப் பிடிக்க முடியாது. அந்த ராத்திரியில் ஒரு விசுவாசியின் கடமை என்ன? "ஜெபம்தான், வேற என்ன?" என்று உடனே சொல்லிவிடுவோம். சரிதான். ஆனால் ஜெபம் என்று சொல்லி நாம் எதைச் செய்கிறோம், எதைச் செய்யாமல் விடுகிறோம் என்பதைக் கர்த்தருடைய சமுகத்தில் கொஞ்சம் ஆராய்ந்து பார்ப்போம்.

கண் என்றால் ஏன் இவ்வளவு பயம்?

காய்ச்சல் என்றால் "மாத்திரை போட்டுக்கோ" என்கிறோம். கால் முறிந்தது என்றால் அழுகிறோம், ஆனால் தேறிவிடும் என்கிற நம்பிக்கை இருக்கிறது. கண் என்றதும் வயிற்றைப் பிசைகிறது. பிள்ளையைக் கொஞ்சுகிற தாய் "கண்ணே" என்கிறாள். ஒருவரை நன்றாகக் கவனித்துக்கொண்டால் "கண்ணு மாதிரி பாத்துக்கிட்டாங்க" என்கிறோம். தாவீதும் தன்னைக் கண்மணியைப் போலக் காக்கும்படி ஜெபித்தான் (சங்கீதம் 17:8). ஆண்டவர் மலைப்பிரசங்கத்தில் கண்ணைச் சரீரத்துக்கு விளக்காக ஒப்பிட்டார் (மத்தேயு 6:22). விளக்கு அணைந்தால் வீடே இருட்டு. உழைத்து வீட்டுக்கு அனுப்புகிற பிள்ளைக்கு அது அணைந்தால் அவன் வேலையும் போகும், இங்கே இருக்கிற குடும்பத்தின் அடுப்பும் அணையும். ஆகவே இந்தப் பயத்தை அவிசுவாசம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடக்கூடாது. அன்பு இருக்கிற இடத்தில் இந்தப் பயம் வரும். பயம் வந்தபின் அதை எங்கே கொண்டுபோகிறோம் என்பதுதான் காரியம்.

என் தம்பிக்கு நடந்தது

இதை நான் புத்தகம் படித்து எழுதவில்லை. என் தம்பி ஷார்ஜாவில் ஏ.சி. மெக்கானிக். அவன் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இங்கே திருவண்ணாமலையில் எங்களோடு இருக்கிறார்கள். அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே தூரப்பார்வை குறைவு, தடித்த கண்ணாடி. ஒரு பௌர்ணமி ராத்திரி, ஊரெல்லாம் கிரிவலக் கூட்டம், போன் செய்தான். "அண்ணா, ரெண்டு நாளா வலது கண்ணுல மின்னல் அடிக்கிற மாதிரி இருக்கு. கறுப்பு கறுப்பா பூச்சி பறக்குது. இன்னைக்கு ஓரத்துல துணி தொங்கவிட்ட மாதிரி மறைக்குது. வலி ஒண்ணும் இல்ல. வாரக் கடைசியில லீவு, அப்ப போய் காட்டிக்கலாம்னு இருக்கேன்" என்றான்.

வலி இல்லை என்பதுதான் இந்த வியாதியின் தந்திரம். இதை எல்லாரும் தெரிந்துகொள்வது நல்லது. நம் கண்ணின் பின்சுவரில் விழித்திரை என்று ஒரு மெல்லிய படலம் ஒட்டியிருக்கிறது. கண்ணுக்குள் நிறைந்திருக்கும் ஜெல்லி போன்ற பொருள் வயதானாலோ, தூரப்பார்வைக் குறைவு அதிகமாக இருந்தாலோ சுருங்கி விலகுகிறது. விலகும்போது சிலருக்கு விழித்திரையை இழுத்துக் கிழித்துவிடும். அந்த இழுப்புதான் மின்னலாகத் தெரிகிறது. கிழிசல் வழியாக நீர் உள்ளே புகுந்து, சுவரில் ஒட்டிய காகிதம் ஈரத்தில் உரிவதுபோல விழித்திரை உரிய ஆரம்பிக்கும். உரிந்த பக்கம் திரை போட்டதுபோல் இருட்டாகும். விழித்திரையின் நடுப்பகுதி உரிவதற்குமுன் அறுவை செய்தால் பார்வை பெரும்பாலும் தப்பும். நடுப்பகுதி உரிந்துவிட்டால், பிற்பாடு ஒட்டவைத்தாலும் பழைய பார்வை முழுவதும் திரும்புவது கடினம். சில நாள், சில வேளை சில மணி நேரம்கூட இதில் கணக்கு.

எங்கள் தெருவில் ஒரு மகள் கண் மருத்துவமனையில் நர்சாக இருக்கிறாள். அவளிடம் கேட்டபோது, "அண்ணா, காலைவரைக்கும் வைக்காதீங்க, இப்பவே அவசரப் பிரிவுக்குப் போகச் சொல்லுங்க" என்றாள். நாங்கள் முழங்காலில் நின்றோம், அதே நேரத்தில் போனிலும் நின்றோம். அவனை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அவன் அறையில் தங்கியிருந்த மலையாளச் சகோதரர், ஒரு முஸ்லிம். அவர் மறுநாள் வேலைக்குப் போகவில்லை. ஒரு நாள் சம்பளத்தை என் தம்பியின் கண்ணுக்காக விட்டுக்கொடுத்தார்.

விசுவாசத்துக்கு விலை கொடுப்பவர் யார்?

இந்தச் செய்தியைக் கேட்ட ஒரு அன்பான சகோதரர் என்னிடம், "பிரதர், கத்தி வைக்க விடாதீங்க. மூணு நாள் உபவாசம் பண்ணுங்க, கர்த்தர் அற்புதம் செய்வார்" என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். நம்முடைய தேவன் குருடரின் கண்களைத் திறக்கிறவர், இன்றைக்கும் அவர் மாறவில்லை என்பதை நானும் விசுவாசிக்கிறேன். மருந்தே தொடுவதில்லை என்று தீர்மானித்து வாழ்ந்த பரிசுத்தவான்களை நான் அறிவேன். அவர்களைக் குறைசொல்ல இதை எழுதவில்லை.

ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். ஒருவர் தன் சரீரத்தின்மேல் தன் விசுவாசத்தை வைக்கிறார் என்றால் விலையையும் அவரே கொடுக்கிறார். நான் திருவண்ணாமலையில் உட்கார்ந்துகொண்டு ஷார்ஜாவில் இருக்கிறவன் கண்ணின்மேல் என் விசுவாசத்தை வைத்தால் விலை கொடுப்பது யார்? மூன்று நாள் காத்திருந்து திரை முழுவதும் விழுந்துவிட்டால், என் கண் நன்றாகவே இருக்கும். இருட்டு அவனுக்கு. தூரத்திலிருந்து சொல்லுகிற வார்த்தை சுலபமானது. அதனால்தான் அதை மிகுந்த பயத்தோடு சொல்லவேண்டும். வஸ்திரமும் ஆகாரமும் இல்லாத சகோதரனைப் பார்த்து, ஒன்றும் கொடாமல் வாயால் மட்டும் வாழ்த்தி அனுப்புகிறவனைப் பற்றி யாக்கோபு எழுதியதை வாசியுங்கள் (யாக்கோபு 2:15-16). நம்முடைய ஜெபமும் சில வேளை அப்படி ஆகிவிடக்கூடும்.

கப்பர்நகூமில் இருந்த ராஜாவின் மனுஷனை எடுத்துக்கொள்வோம் (யோவான் 4:46-54). பிள்ளை சாகக் கிடக்கிறான். இயேசு கானாவில் இருக்கிறார். இடையில் சுமார் 25 கிலோமீட்டர் மலைப்பாதை, நம் ஊரிலிருந்து போளூருக்குப் போகிற தூரத்தைவிடக் கொஞ்சம் குறைவு. அவன் வேலைக்காரனை அனுப்பியிருக்கலாம், தானே ஏறி வந்தான். வருந்திக் கேட்டான். அவன் அவசரப்பட்டதற்காக ஆண்டவர் அவனைத் தள்ளிவிடவில்லை. பிள்ளை பிழைத்திருக்கிறான் என்று ஒரு வார்த்தை கொடுத்து அனுப்பினார். அவன் அந்த வார்த்தையை நம்பித் திரும்பினான். வழியில் வேலைக்காரர் எதிர்கொண்டு, நேற்று ஏழாம்மணி நேரத்தில் ஜுரம் விட்டது என்கிறார்கள். "நேற்று" என்கிறதைக் கவனியுங்கள். வார்த்தைக்கும் செய்திக்கும் நடுவே ஒரு ராத்திரி இருந்தது. போன் இல்லை, கடிதம் இல்லை. அந்த ராத்திரியில் அவன் கையில் இருந்தது வார்த்தை மாத்திரமே. விசுவாசம் அவனை நடக்கவும் வைத்தது, காத்திருக்கவும் வைத்தது. செய்யக்கூடியதைச் செய்கிற வரைக்கும் நட. செய்ய ஒன்றும் இல்லாத நேரத்தில் காத்திரு. தூரத்தில் இருக்கிறவனுக்கு இந்த இரண்டும் வேண்டும்.

கர்த்தர் எந்தக் கையை அனுப்புகிறார்?

சவுல் தமஸ்குவில் மூன்று நாள் பார்வையில்லாமல் கிடந்தான். தேவன் நினைத்திருந்தால் பரலோகத்திலிருந்தே கண்ணைத் திறந்திருக்கலாம். ஆனால் நேர்த்தெருவுக்கு அனனியா என்கிற மனுஷனை அனுப்பி, அவன் கைகளை வைக்கும்படி செய்தார் (அப்போஸ்தலர் 9:10-18). எசேக்கியா ராஜாவுக்கு ஆயுசைக் கூட்டிக் கொடுத்த தேவன், பிளவையின்மேல் அத்திப்பழ அடையை வைக்கச் சொன்னதையும் தடுக்கவில்லை (ஏசாயா 38:21). அற்புதமும் கையும் வேதத்தில் சண்டை போட்டுக்கொள்ளவில்லை.

1920-ம் ஆண்டுகளுக்குமுன் விழித்திரை உரிந்தவர்கள் ஏறக்குறைய எல்லாருமே அந்தக் கண்ணை இழந்தார்கள். சுவிட்சர்லாந்து தேசத்தில் லோசான் நகரத்து மருத்துவர் ஜூல்ஸ் கோனான், கிழிசலே காரணம், அதை அடைத்தால் பார்வை தப்பும் என்று காட்டினார். முதலில் மற்ற மருத்துவர்களே நம்பவில்லை. 1970-ம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ராபர்ட் மாக்கெமர் என்பவர், கண்ணுக்குள் இருக்கிற ஜெல்லியையே நுண்ணிய கருவியால் எடுத்துச் சரிசெய்யும் முறையை அமெரிக்காவின் மயாமியில் உண்டாக்கினார். இன்றைக்குப் பத்துப் பேரில் எட்டு, ஒன்பது பேருக்கு ஒரே அறுவையில் விழித்திரை ஒட்டிக்கொள்கிறது. நம் நாட்டிலும் இந்தக் கிருபைக்குக் குறைவில்லை. சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-ல் தொடங்கியது, உலகத்திலேயே மிகப் பழையவற்றில் ஒன்று. வேலூரில் மிஷனெரி ஐடா ஸ்கடர் அம்மையார் 1902-ல் திறந்த ஷெல் மருத்துவமனை, பிற்பாடு பல ஆண்டுகள் சி.எம்.சி.யின் கண் மருத்துவமனையாக இருந்தது. மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன மனுஷன் அவர். அந்தக் கையாலேயே கத்தி பிடிக்கப் பழகி, தம் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். அவர் நம்முடைய விசுவாசத்தைச் சேர்ந்தவர் அல்ல. ஆனாலும் அந்தக் கோணிய விரல்களைப் பயன்படுத்தியவர் யார் என்று நான் கேட்டுக்கொள்கிறேன். என் தம்பியை வண்டியில் ஏற்றிய அந்த முஸ்லிம் சகோதரரைப் பற்றியும் அதையே கேட்கிறேன். நல்ல சமாரியன் உவமையைச் சொன்ன ஆண்டவருக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

வீட்டில் சொல்லலாமா, மறைக்கலாமா?

அடுத்த கேள்வி எங்கள் வீட்டிலேயே வந்தது. அம்மாவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது, ரத்த அழுத்தம். "மாமா, அத்தைகிட்ட இப்ப சொல்லவேணாம், ஆப்பரேஷன் முடிஞ்சு சொல்லிக்கலாம்" என்றாள் தம்பி மனைவி. அவளுடைய அன்பு எனக்குப் புரிந்தது.

எப்பாப்பிரோதீத்து என்கிற சகோதரனைப் பற்றிப் பவுல் எழுதுகிறார் (பிலிப்பியர் 2:25-30). பிலிப்பி சபையார் தங்கள் காணிக்கையோடு பவுலிடம் அனுப்பிய ஆள். போன இடத்தில் மரணத்துக்குச் சமீபமாக வியாதிப்பட்டான். அவனுக்கு வியாதியைவிட ஊரார் அந்தச் செய்தியைக் கேள்விப்பட்டார்களே என்பதுதான் துக்கம்! நம் பிள்ளைகளும் அப்படித்தானே? "அம்மாகிட்ட சொல்லாதீங்க" என்பதுதானே அவர்களுடைய முதல் வார்த்தை? ஆனால் பவுல் அதை மூடிவைக்கவில்லை. எவ்வளவு மோசமாக இருந்தது என்றும் எழுதினார், தேவன் இரங்கினார் என்றும் எழுதினார், அவர்கள் நேரில் கண்டு சந்தோஷப்படும்படி அவனைத் திரும்பவும் அனுப்பினார். உண்மையை மறைத்தால் ஜெபிக்கிறவர்களில் ஒருவரைக் குறைத்துவிடுகிறோம். அதிலும் தாயையே குறைத்துவிடுகிறோம். சொல்லுகிற விதத்தில் ஞானம் வேண்டும், வேளை பார்க்கவேண்டும், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லவேண்டும். அவ்வளவுதான். நாங்கள் அம்மாவிடம் சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்கள். பிறகு, "அவன் சாப்பிட்டானான்னு கேளு" என்றார்கள். அதற்கப்புறம் பாயை விரித்து முழங்காலில் நின்றவர்கள் விடியும்வரை எழுந்திருக்கவில்லை.

இன்னொரு கேள்வியை மட்டும் யாரும் கேட்கவேண்டாம். "என்ன பாவம் பண்ணினான்?" பிறவிக் குருடனைப் பார்த்துச் சீஷர்கள் இதைத்தான் கேட்டார்கள். அவனும் பெற்றோரும் அதற்குக் காரணம் அல்ல என்று ஆண்டவர் வாயடைத்தார் (யோவான் 9:1-3). கைக்குட்டை பட்டாலே வியாதி நீங்கின பவுல், துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியாகவே விட்டுவந்தார் (2 தீமோத்தேயு 4:20). ஏன் என்று வேதம் சொல்லவில்லை. வேதம் சொல்லாததை நாம் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு முன்னால் நின்று சொல்லலாமா?

சாட்சி உண்மையாக இருக்கட்டும்

அறுவை முடிந்தது. கண்ணுக்குள் வாயு நிரப்பி விழித்திரையை அழுத்திவைத்தார்கள். அந்த வாயு மேல்நோக்கி எழும் என்பதால், என் தம்பியை நாள்கணக்கில் முகங்கவிழ்ந்தே இருக்கச் சொன்னார்கள். வாயு கரையும்வரை விமானம் ஏறக்கூடாது என்றும் சொன்னார்கள். மேலே போகப் போக வாயு விரிந்து கண்ணுக்குள் அழுத்தம் ஏறிவிடும். ஆகவே "உடனே ஊருக்கு வந்துடு" என்று நாங்கள் கூப்பிடவும் முடியவில்லை. ஆறு வாரம் அவன் அங்கே, நாங்கள் இங்கே. தினமும் ராத்திரி ஒரு நேரம் வைத்துக்கொண்டோம். அவன் தலைகவிழ்ந்தபடி, போனைக் கீழே வைத்துக் கேட்பான். அவன் மனைவி ஒரு அதிகாரம் வாசிப்பாள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக் கதை சொல்லும். நான் ஜெபிப்பேன். மற்ற நேரங்களில் ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டு அவனை வதைக்கவில்லை.

பார்வை வந்தது. ஆனால் முழுவதும் வரவில்லை. நேர்க்கோடு அந்தக் கண்ணுக்குக் கொஞ்சம் வளைந்து தெரிகிறது. ராத்திரியில் வண்டி ஓட்டுவது கஷ்டம். சபையில் சாட்சி சொல்லவந்தபோது, "பூரண சுகம்" என்று சொல்லிவிடலாமே என்று சிலர் ஏவினார்கள். என் தம்பி போனில் கேட்டான், "அண்ணா, பூரணம்னு சொன்னா பொய்யாகாதா?"

பெத்சாயிதாவில் ஒரு குருடனை ஆண்டவர் தொட்டார். என்ன தெரிகிறது என்று கேட்டார். மனுஷர் மரங்களைப் போல நடமாடுகிறது தெரிகிறது என்று உள்ளதை உள்ளபடி சொன்னான் (மாற்கு 8:22-26). "எல்லாம் தெளிவா தெரியுது ஆண்டவரே" என்று முகஸ்துதி பேசவில்லை. இயேசுவும் அவனைக் கடிந்துகொள்ளவில்லை, மறுபடியும் கையை வைத்தார். பாதி வெளிச்சத்தைப் பாதி என்று சொல்வது தேவனுக்கு அவமானம் அல்ல. கூட்டிச் சொல்கிற சாட்சிதான், கேட்கிற பெலவீனரை இடறப்பண்ணும். "அவருக்கு முழுசா கெடச்சுது, எனக்கு ஏன் கெடைக்கல?" என்று ஒரு தாய் வீட்டுக்குப் போய் அழுவாள்.

முழுவதும் கிடைக்காவிட்டாலோ? நம் சபைகளில் பாடுகிற எத்தனையோ பாட்டுகளை எழுதிய பேனி கிராஸ்பி அம்மையார் 1820-ல் பிறந்து, ஆறு வாரக் குழந்தையாக இருக்கும்போதே பார்வையை இழந்தவர். அவருக்கு ஐந்து வயதானபோது அயலகத்தார் பணம் சேர்த்து நியூயார்க்குக்குப் பெரிய மருத்துவரிடம் அனுப்பினார்கள். ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்த அம்மையார் 1915 வரை வாழ்ந்து எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களை எழுதினார். கண் திறக்கவில்லை. ஆனால் தேவன் அந்த வாழ்க்கையை இருட்டில் விட்டுவிடவுமில்லை. சுகம் வந்தாலும் அவர் தேவன், வராவிட்டாலும் அவர் தேவன் என்கிறவனே இரண்டு நிலையிலும் நிற்பான்.

செய்யவேண்டியவை

பிரியமானவர்களே, தூரத்தில் இருக்கிறவர் "மின்னல் தெரியுது, பூச்சி பறக்குது, திரை மறைக்குது" என்றால், அன்றைக்கே கண் மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். பக்கத்தில் இருக்கிற ஒரு ஆளைத் தேடிப் பிடியுங்கள். பணம் தேவையா என்று அவர்கள் கேட்பதற்குமுன் கேளுங்கள். சர்க்கரை வியாதி உள்ளவர்கள் பார்வை நன்றாக இருந்தாலும் வருஷத்துக்கு ஒருதரம் விழித்திரையைப் பரிசோதிக்கவேண்டும்.

வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளே, இந்தப் பத்திரிகையை உங்களுக்கு யாராவது அனுப்பிவைத்தால், உங்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்குத் தூரத்தில் இருப்பது நாங்கள். உங்கள் தகப்பனும் தாயும் "கொஞ்சம் மங்கலா இருக்கு, வயசாச்சு" என்று சொல்லிச் சமாளிப்பார்கள். வயதான யாக்கோபின் கண்களும் மங்கியிருந்தன (ஆதியாகமம் 48:10). தூரதேசத்தில் இருந்த யோசேப்பின் முகத்தைக் காணுவோம் என்று அவன் நினைத்திருக்கவில்லை, தேவன் காணச்செய்தார். உங்கள் முகத்தைக் காண உங்கள் பெற்றோருக்குக் கண் வேண்டும். அவர்கள் மறைப்பதை நீங்கள் விசாரித்துக் கேளுங்கள்.

நம்முடைய கை எட்டாத இடத்தில் கர்த்தருடைய கை குறுகிப்போகவில்லை. ஆனால் நம்முடைய கை எட்டுகிற மட்டும் நீட்டாமல், அவருடைய கையைப் பற்றிப் பேசாதிருப்போமாக.

ஜெபிப்போம்: இரக்கமுள்ள பிதாவே, எங்களுக்குத் தூரத்தில் இருந்தாலும் உமக்குத் தூரமில்லாத எங்கள் பிள்ளைகளை உமது சமுகத்தில் வைக்கிறோம். அவர்கள் கண்களைக் காத்தருளும். வேளையில் போகப் புத்தியையும், நல்ல மருத்துவரையும், பக்கத்தில் நிற்க ஒரு ஆளையும் கட்டளையிடும். காத்திருக்கிற எங்களுக்குப் பொறுமையையும், பேசுகிற எங்கள் நாவுக்கு உண்மையையும் தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், எங்கள் நல்ல பிதாவே. ஆமென்.

கர்த்தருடைய ஊழியத்தில்,
உங்கள் அன்புச் சகோதரன்,
திருவண்ணாமலை.